கீரிப்பிள்ளைக் கதை (நாட்டார் கதை வகை)

கீரிப்பிள்ளைக் கதை என்பது, ஒரு குழந்தையைக் காப்பாற்றிய வளர்ப்பு விலங்கை, அதுவே குழந்தையைக் கொன்றுவிட்டதாகத் தவறாக எண்ணி, அதனை வளர்த்தவர் அவசரப்பட்டுக் கொன்றுவிடுவதைக் கூறும் நாட்டார் கதை வகை ஆகும். இந்தியாவில் இவ்விலங்கு பெரும்பாலும் கீரிப்பிள்ளையாகவும், ஐரோப்பாவில் பெரும்பாலும் வேட்டை நாயாகவும் அமைகின்றது. பஞ்சதந்திரம், கதாசரித்சாகரம், இதோபதேசம் ஆகிய வடமொழி நூல்களிலும், தமிழில் சிலப்பதிகாரத்திலும் இக்கதை இடம்பெற்றுள்ளது. அரபு, எபிரேயம், இலத்தீன் முதலிய மொழிகளின் வழியாக இது மேற்கு நாடுகளிலும் பரவியது. பிரான்சு நாட்டில் இக்கதையின் நாய் புனிதராக வணங்கப்பட்டது. வேல்சு நாட்டில் அந்நாய்க்குக் கல்லறை உள்ளது.

நாட்டார் கதைகளில் ஒரே வகையான நிகழ்வுகளும் பாத்திரங்களும் திரும்பத் திரும்ப வருவதை விளக்க, நாட்டாரியல் அறிஞர்கள் எடுத்துக்காட்டும் கதைகளுள் இதுவும் ஒன்று. இதன் பல வடிவங்களை ஒப்பிடும்போது, ஒரு கதையில் எவை மாறாமல் நிற்கின்றன, எவை இடத்துக்கு ஏற்ப மாறுகின்றன என்பதைத் தெளிவாகக் காணலாம்.

கதைச் சுருக்கம்

ஒரு பார்ப்பனரும் அவர் மனைவியும் தம் குழந்தையோடு ஒரு கீரிப்பிள்ளையையும் வளர்த்து வருகின்றனர். ஒருநாள் குழந்தை தொட்டிலில் உறங்கும்போது பெற்றோர் இருவருமே வெளியே செல்ல நேரிடுகிறது. அவ்வேளையில் ஒரு பாம்பு தொட்டிலை நெருங்குகிறது. கீரி அதனோடு போரிட்டு அதனைக் கொன்றுவிடுகிறது. வளர்த்தவர் திரும்பி வரும் ஓசையைக் கேட்டு, குருதி படிந்த வாயுடன் வாசலுக்கு ஓடி வருகிறது. வாயிலுள்ள குருதியைக் கண்டவர், கீரி தம் குழந்தையைக் கடித்துக் கொன்றுவிட்டது என முடிவு செய்து, அந்த இடத்திலேயே அதனைக் கொன்றுவிடுகிறார். உள்ளே சென்று பார்க்கும்போது குழந்தை நலமாக உறங்குகிறது. அருகே பாம்பு இறந்து கிடக்கிறது.

கதை இவ்விடத்திலேயே முடிந்துவிடலாம். சில வடிவங்களில் கொன்றவரின் துயரம், கழுவாய், விலங்குக்குச் செய்யப்படும் நினைவுச் சின்னம் ஆகியவையும் தொடர்கின்றன.

நாட்டாரியல் வகைப்பாடு

நாட்டார் கதைகளை ஆராய்வோர் இரண்டு அலகுகளைப் பயன்படுத்துகின்றனர். தனித்து நின்று கூறப்படக்கூடிய முழுக் கதையின் அமைப்பு கதைவகை எனப்படும். கதைக்குள் வரும், மரபில் நிலைத்து நிற்கும் ஆற்றலுள்ள மிகச் சிறிய கூறு கதைக்கூறு எனப்படும். "பாம்பிடமிருந்து குழந்தையைக் காக்கும் விலங்கு" என்பது ஒரு கதைக்கூறு. அக்கூறும் வேறு சில கூறுகளும் ஒரு குறிப்பிட்ட வரிசையில் இணைந்து மேலே கூறப்பட்ட முழுக் கதையாகும்போது அது ஒரு கதைவகை ஆகின்றது.

பின்லாந்தைச் சேர்ந்த அந்தி ஆர்னே 1910ஆம் ஆண்டில் கதைவகைகளின் அட்டவணை ஒன்றை வெளியிட்டார். அமெரிக்க அறிஞர் ஸ்டித் தாம்சன் இதனை 1928ஆம் ஆண்டிலும் பின்னர் 1961ஆம் ஆண்டிலும் விரிவாக்கினார். இவ்வட்டவணையில் கீரிப்பிள்ளைக் கதையின் எண் 178ஏ ஆகும். செருமானிய அறிஞர் ஆன்சு-யோர்க் ஊத்தர் 2004ஆம் ஆண்டில் இதனைத் திருத்தி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். தாம்சன் 1932 முதல் 1936 வரை வெளியிட்ட ஆறு தொகுதிகள் கொண்ட கதைக்கூறு அகராதியில், இக்கதையின் மையக்கூறு பி331.2 என்னும் எண்ணைப் பெற்றுள்ளது. அவசரக் கொலை அல்லது அவசரத் தண்டனை என்னும் பொதுவான கூறு என்340 என்பதன் கீழ் அமைகின்றது.

இந்தியா, பாக்கித்தான், இலங்கை ஆகிய நாடுகளின் வாய்மொழிக் கதைகளுக்கென, தாம்சனும் வாரன் ராபர்ட்சும் இணைந்து 1960ஆம் ஆண்டில் தனி அட்டவணை ஒன்றை வெளியிட்டனர்.

இவ்வெண்கள் கதையின் பொருளை விளக்குவதில்லை. ஒரு நூலகத்தில் நூல்களுக்கு எண் இடுவது போல, வெவ்வேறு மொழிகளில் பதிவான ஒரே கதையைத் தேடி எடுத்து ஒப்பிட இவை உதவுகின்றன.

மாறாத கூறுகள்

இக்கதைவகையின் பெரும்பாலான வடிவங்களில் பின்வரும் கூறுகள் காணப்படுகின்றன.

* பேச இயலாத இருவர்: குழந்தைக்குப் பேசும் வயது வரவில்லை. விலங்குக்குப் பேச்சே இல்லை. நடந்ததை அறிந்த இருவராலும் அதனைச் சொல்ல இயலாது.
* பெரியவர்கள் இல்லாமை: காக்க வேண்டியவர்கள் அவ்வேளையில் வீட்டில் இல்லை. விலங்கைக் கொல்பவர், தாம் செய்யத் தவறிய காவலை அது செய்தது என்பதை அறியாதவர்.
* இருபொருள் தரும் சான்று: வாயிலுள்ள குருதி உண்மையான சான்றுதான். அது காத்ததற்கும் சான்றாகலாம், கொன்றதற்கும் சான்றாகலாம். பார்ப்பவர் ஒரு பொருளை மட்டுமே காண்கிறார்.
* வரிசை மாற்றம்: முதலில் தண்டனை, பின்னர் விசாரணை. தொட்டிலைப் பார்த்த பின் முடிவு செய்திருந்தால் கதையே இல்லை.
* திருத்த இயலாமை: உண்மை வெளிப்படுகிறது, ஆனால் அதனால் பயன் இல்லை. வேறு பல நாட்டார் கதைகளில் இறந்தவர் உயிர் பெறுவது உண்டு. இக்கதையில் பொதுவாக அவ்வாறு நிகழ்வதில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த அக்செல் ஓல்ரிக் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாய்மொழிக் கதைகளுக்குரிய பொதுவிதிகள் சிலவற்றை வகுத்தார். ஒரு காட்சியில் இருவர் மட்டுமே செயற்படுவர் என்பது அவற்றுள் ஒன்று. கீரியும் பாம்பும், கீரியும் வளர்த்தவரும், வளர்த்தவரும் குழந்தையும் என இக்கதையின் காட்சிகள் இவ்விதிக்குப் பெரிதும் பொருந்தி வருகின்றன. நினைவில் வைத்துக்கொள்ளவும் மீண்டும் சொல்லவும் எளிதான இவ்வமைப்பு, கதை நெடுந்தொலைவு பரவியதற்கு ஒரு காரணமாகலாம்.

இந்திய இலக்கியங்களில்

பஞ்சதந்திரமும் வழிநூல்களும்

பஞ்சதந்திரத்தின் ஐந்தாம் பகுதி, ஆராயாமல் செய்யும் செயலால் வரும் கேட்டைப் பற்றியது. தமிழ்ப் பதிப்புகளில் இப்பகுதி அசம்பிரேட்சிய காரித்துவம் எனப்படுகின்றது. பழைய வடிவமான தந்திராக்கியாயிகத்தில் கீரிப்பிள்ளைக் கதையே இப்பகுதியின் சட்டகக் கதையாக உள்ளது. கி.பி. 1199இல் பூரணபத்திரர் என்னும் சமணத் துறவி தொகுத்த வடிவத்தில், துறவியரைத் தாக்கும் நாவிதனின் கதை சட்டகமாகி, கீரிப்பிள்ளைக் கதை அதனுள் ஒரு கிளைக்கதையாகிவிட்டது.

கொல்பவர் யார் என்பதில் இந்நூல்கள் வேறுபடுகின்றன. இதோபதேசத்தில் தாய் நீராடச் செல்கிறாள். அரண்மனையிலிருந்து அழைப்பு வருகிறது. உடனே போகாவிட்டால் தானத்தை வேறொருவர் பெற்றுவிடுவார் என எண்ணும் தந்தை, கீரியைக் காவல் வைத்துவிட்டுச் செல்கிறார். திரும்பி வந்து கீரியைக் கொல்பவரும் அவரே. பூரணபத்திரரின் வடிவத்தில், கணவரைக் காவலுக்கு வைத்துவிட்டுத் தாய் தண்ணீர் எடுக்கச் செல்கிறாள். அவரும் இரக்கச் சென்றுவிடுகிறார். திரும்பி வரும் தாய் தண்ணீர்க் குடத்தைக் கீரியின் மேல் போட்டுக் கொன்றுவிட்டு, பின்னர் கணவரின் பேராசையே இதற்குக் காரணம் எனக் கடிந்துகொள்கிறாள். இரு வடிவங்களிலும் அவசரத்துக்கு முன்னால் ஓர் ஆசை நிற்பது குறிப்பிடத்தக்கது.

தமிழில் பஞ்சதந்திரத்தின் உரைநடை வடிவத்தைத் தாண்டவராய முதலியார் மராத்தி மொழியிலிருந்து பெயர்த்து 1826இல் வெளியிட்டார். அதே ஆண்டில், தென்னிந்திய மொழிகளிலிருந்த வடிவங்களைக் கொண்டு அபே துபுவா பிரெஞ்சு மொழிபெயர்ப்பு ஒன்றை வெளியிட்டார்.

பௌத்த நூல்கள்

கி.பி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீன மொழிக்குப் பெயர்க்கப்பட்ட பௌத்த விநய நூல் ஒன்றிலும் இக்கதை உள்ளது. காலம் உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய பதிவுகளுள் இது ஒன்று. துறவியருக்கான ஒழுக்க விதிகளை விளக்கும் நூலில் இக்கதை இடம்பெற்றதிலிருந்து, அரசியல் நீதிக்கு அப்பாலும் அது பயன்பட்டது தெரிகின்றது.

சிலப்பதிகாரத்தில்

சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையோன், மதுரைப் புறஞ்சேரியில் கோவலனைச் சந்திக்கிறான். புகாரில் கோவலன் செய்த மூன்று நற்செயல்களை அவன் எடுத்துக் கூறுகிறான். யானையின் பிடியிலிருந்து ஒரு முதியவரைக் காத்தது முதலாவது. இரண்டாவது, கீரிப்பிள்ளையைக் கொன்ற பார்ப்பனப் பெண்ணுக்குச் செய்த உதவி.

இக்காப்பியத்தில் கதை முடிந்த இடத்திலிருந்து தொடங்குகிறது. கீரி இறந்த செய்தி மிகச் சுருக்கமாகவே வருகின்றது. காப்பியம் கூறுவது அதன் பின்விளைவை. மனைவி செய்த கொலையால் அவள் கையால் உண்பது தகாது என்று கணவன் வடதிசை நோக்கிச் செல்கிறான். வடமொழி வாசகம் எழுதிய ஓலை ஒன்றை அவளிடம் கொடுத்துவிடுகிறான். அவள் அதனை ஏந்தி, வணிகர் தெருவில் வீடுவீடாகச் சென்று, தன் பாவத்தைப் போக்க உதவுமாறு வேண்டுகிறாள். கோவலன் அவளை அழைத்துத் துயரைக் கேட்டறிந்து, பாவம் நீங்குவதற்குரிய தானங்களைச் செய்வித்து, பொருளும் கொடுத்து, கணவனுடன் சேர்த்து வைக்கிறான்.

இதிலிருந்து இரு செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சுருக்கமான குறிப்பே போதும் என்ற அளவுக்கு இக்கதை அக்காலத் தமிழ் மக்களிடையே அறிமுகமாகியிருந்திருக்கலாம். இரண்டாவதாக, பிற நூல்கள் பலவும் கொன்றவரின் வருத்தத்துடன் நின்றுவிட, இக்காப்பியம் அவசரத்தில் தவறு செய்த ஒரு பெண் அதன் பின் எவ்வாறு வாழ்வாள் என்பதையும் கூறுகின்றது.

இக்குறிப்பு வரும் இடமும் கருதத்தக்கது. மாடலன் கூறும் மூன்றாவது செயல், பொய்ச்சாட்சி சொன்னதற்காகப் பூதத்திடம் அகப்பட்டவனுக்காகக் கோவலன் தன் உயிரையே தர முன்வந்தது. தவறாக எண்ணிக் கொல்லுதல், பொய்ச்சாட்சி ஆகிய இரண்டும் இவ்வாறு அடுத்தடுத்துப் பேசப்பட்ட பின், அதற்கு அடுத்ததாக வருவது கொலைக்களக் காதை. அங்கே கோவலனின் கையிலுள்ள சிலம்பே அவனைக் கள்வனாகக் காட்டும் சான்றாகின்றது. கீரியின் வாயிலுள்ள குருதியைப் போலவே, சிலம்பு கையில் இருப்பது உண்மை. அதிலிருந்து பெறப்பட்ட முடிவு பொய். பாண்டியன் விசாரிக்காமல் தண்டிக்கிறான். உண்மை தெரிந்ததும் அரியணையிலேயே உயிர்விடுகிறான். அவசரக் கொலை என்னும் ஒரே கூறு காப்பியத்தில் முதலில் சிறு நிகழ்வாகவும், பின்னர் பெருநிகழ்வாகவும் அமைந்திருப்பதை இவ்வாறு காணலாம்.

நான்கு மந்திரிகள் கதை

தமிழில் வழங்கிய அலகேச கதை, அலகேசன் என்னும் அரசனையும் அவனுடைய நான்கு மந்திரிகளையும் பற்றியது. ச. மு. நடேச சாத்திரி (1859–1906) இதனை 1888இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். இரவுக் காவலில் இருந்த மந்திரி ஒருவர், அரசனின் படுக்கை அறைக்குள் வந்த பாம்பைக் கொன்று, அரசியின் மேல் தெறித்த நச்சுக் குருதியை நீக்குகிறார். அதைத் தவறாகப் புரிந்துகொண்ட அரசன் அவரைக் கொல்ல எண்ணுகிறான். மற்ற மந்திரிகள் அவனது அவசரத்தைத் தடுக்கக் கதைகள் கூறுகின்றனர். அக்கதைகளுள் கீரிப்பிள்ளைக் கதையும் ஒன்று. இச்சட்டகக் கதை ஆர்னே-தாம்சன் அட்டவணையில் 916 என்னும் எண்ணில் அமைகின்றது.

மேற்கு நாடுகளில்

மொழிபெயர்ப்பு வழி

கி.பி. 6ஆம் நூற்றாண்டில், பாரசீக மன்னர் முதலாம் குசுரோவின் காலத்தில், புர்சோய் என்னும் மருத்துவர் பஞ்சதந்திரத்தைப் பகலவி மொழிக்குப் பெயர்த்தார். அதிலிருந்து 8ஆம் நூற்றாண்டில் இப்னு அல்-முகஃபா என்பவர் அரபு மொழியில் "கலீலா வ திம்னா" என்னும் நூலை எழுதினார். இதில் பார்ப்பனர் துறவியாகவும், கீரி மரநாய் இனத்தைச் சேர்ந்த சிறு விலங்காகவும் மாறினர். எபிரேய வடிவத்திலும், அதிலிருந்து 13ஆம் நூற்றாண்டில் கபுவாவைச் சேர்ந்த யோவான் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பிலும் விலங்கு நாயாகிவிட்டது.

மற்றொரு வழி, "ஏழு ஞானிகள்" என்னும் கதைத்தொகுதி ஆகும். சிற்றன்னையின் பொய்க் குற்றச்சாட்டால் இளவரசன் ஒருவனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. பேசாநோன்பில் இருக்கும் அவனால் மறுமொழி கூற இயலாது. ஏழு ஞானிகள் நாளுக்கு ஒருவராகக் கதை கூறித் தண்டனையைத் தள்ளிப்போடுகின்றனர். ஐரோப்பிய வடிவங்களில் முதல் ஞானி கூறுவது, பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த வேட்டை நாயின் கதை.

புனித கின்ஃபோர்

பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அருகிலுள்ள டோம்ப் பகுதியில் கின்ஃபோர் என்னும் பெயருடைய புனிதரை மக்கள் வணங்கினர். 13ஆம் நூற்றாண்டில் அங்கு சென்ற எத்தியேன் டி பூர்போன் என்னும் தொமினிக்கத் துறவி, அப்புனிதர் ஒரு வேட்டை நாய் என்பதை அறிந்தார். அவர் எழுதி வைத்துள்ளபடி, பிரபு ஒருவரின் குழந்தையைப் பெரும் பாம்பிடமிருந்து அந்நாய் காத்தது. குருதியைக் கண்டு செவிலி அலறினாள். தாயும் அலறினாள். பிரபு வாளால் நாயை வெட்டினார். உண்மை தெரிந்த பின் நாயின் உடலை மாளிகை வாயிலுக்கு எதிரிலிருந்த கிணற்றில் இட்டு, மேலே கற்களைக் குவித்து, மரங்களை நட்டனர்.

பிற்காலத்தில் மாளிகை அழிந்தது. அவ்விடத்துக்கு உழவர் குடும்பப் பெண்கள் தம் நோயுற்ற குழந்தைகளைக் கொண்டு வந்தனர். அங்கு செய்யப்பட்ட சடங்கில், குழந்தையை மரங்களுக்கிடையே பலமுறை கைமாற்றுவதும், மெழுகுவர்த்திகளை ஏற்றி அதனைச் சிறிது நேரம் தனியே விட்டுச் செல்வதும் அடங்கும். அத்தீயினால் குழந்தைகள் இறந்ததும் உண்டு என அத்துறவி குறிப்பிட்டுள்ளார். அவர் நாயின் எலும்புகளைத் தோண்டி எடுத்து எரிக்கச் செய்து, மரங்களையும் வெட்டச் செய்தார். எனினும் வழிபாடு 19ஆம் நூற்றாண்டு வரை தொடர்ந்தது. பிரெஞ்சு வரலாற்றாளர் ஜான்-குளோட் சிமிட் 1979இல் வெளியிட்ட நூல் இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்கின்றது.

கெலெர்ட்

வேல்சு நாட்டின் வடமேற்கிலுள்ள பெத்கெலெர்ட் என்னும் ஊரின் பெயருக்குக் கெலெர்ட்டின் கல்லறை என்பது பொருள். இளவரசர் லிவெலின் (இறப்பு 1240) தம் மகனை ஓநாயிடமிருந்து காத்த கெலெர்ட் என்னும் நாயைக் கொன்றுவிட்டு, இங்கு புதைத்ததாகக் கூறுவர். ஆயினும் ஊர்ப்பெயர் பெரும்பாலும் பழைய கிறித்தவப் புனிதர் ஒருவரின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் எனக் கருதப்படுகின்றது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவ்வூர் விடுதி உரிமையாளர் ஒருவரே பயணிகளை ஈர்க்கக் கல்லறையை அமைத்ததாகப் பொதுவாகக் கூறப்படுகின்றது. வில்லியம் இராபர்ட் ஸ்பென்சர் எழுதிய கவிதை இக்கதையை எங்கும் பரப்பியது. தன் வேட்டை நாயைக் கொன்றவனைப் போல வருந்துதல் என்னும் பொருளுடைய பழமொழி ஒன்றும் வேல்சு மொழியில் உண்டு. ஆங்கிலேய நாட்டாரியலாளர் யோசப் யாக்கப்சு 1892இல் தம் கெல்டியக் கதைத் தொகுப்பில் இக்கதையைச் சேர்த்து, இதன் இந்தியத் தொடர்பைக் குறிப்புகளில் ஆராய்ந்தார்.

மாறும் கூறுகள்

கதை புதிய இடத்துக்குச் செல்லும்போது, அவ்விடத்து மக்கள் நம்பக்கூடிய விலங்குகள் அதனுள் வருகின்றன. பாம்புக்கும் கீரிக்கும் உள்ள பகை இந்தியாவில் எவரும் அறிந்த ஒன்று. கீரியின் உடலில், நரம்புத் தூண்டலைப் பெறும் ஏற்பிகள் சிறிது மாறுபட்டு இருப்பதால், நாகத்தின் நரம்பு நஞ்சு அவற்றில் எளிதில் பற்றுவதில்லை. இத்துடன் அதன் விரைவும் சேர்ந்து பாம்பை வெல்ல உதவுகின்றது. கீரியை வீட்டு விலங்காக அறியாத நாடுகளில் இவ்விடத்தை நாய் பிடித்துக்கொண்டது. வேல்சில் பகை விலங்கு ஓநாயாகவும் மாறியது.

* இந்தியா: கீரி, பாம்பு. கொல்பவர் தந்தை அல்லது தாய். நீதிக்கதை.
* சிலப்பதிகாரம்: கீரி. கொல்பவர் தாய். கழுவாயும் மீட்சியும்.
* அரபு வடிவம்: மரநாய் இன விலங்கு, பாம்பு. கொல்பவர் தந்தை. நீதிக்கதை.
* பிரான்சு: வேட்டை நாய், பாம்பு. கொல்பவர் தந்தை. வழிபாடு.
* வேல்சு: வேட்டை நாய், ஓநாய். கொல்பவர் தந்தை. கல்லறையும் ஊர்ப்பெயரும்.

நூல்களில் நீதிக்கதையாக இருப்பது, வாய்மொழியில் பலமுறை உண்மை நிகழ்வாகக் கூறப்படுகின்றது. திராவிட மொழியியல் அறிஞர் எமெனோ, இந்தியாவில் இக்கதை அண்மையில் நடந்த நிகழ்வாகக் கூறப்படுவதைப் பற்றி 1940இல் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஓர் இடமோ கல்லோ மரமோ கதையுடன் இணைந்துவிட்டால், அது கதைக்குச் சான்றாகிவிடுகின்றது. சான்றைத் தவறாகப் படிப்பதைப் பற்றிய கதை, இவ்வாறு தனக்கே சான்றுகளை உண்டாக்கிக்கொள்கின்றது.

தோற்றம் பற்றிய கருத்துக்கள்

செருமானிய அறிஞர் தியோடர் பென்ஃபே 1859இல் பஞ்சதந்திரத்தை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, ஐரோப்பாவில் வழங்கும் கதைகளிற் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்து சென்றவை எனக் கூறினார். கீரிப்பிள்ளைக் கதையைப் பொறுத்தவரை, நூல்வழிப் பயணத்தை மொழிபெயர்ப்புகளின் வரிசையாலேயே காட்ட முடிகின்றது.

எனினும் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக் கிரேக்கப் பயண எழுத்தாளர் பவுசானியாசு, போக்கிசுப் பகுதியிலுள்ள ஊர் ஒன்றைப் பற்றி இதை ஒத்த கதையைத் தருகிறார். பகைவருக்கு அஞ்சிய தலைவன் ஒருவன் தன் குழந்தையை ஒரு கலத்தில் மறைத்து வைத்தான். ஓநாய் தாக்க வந்தபோது ஒரு பாம்பு அக்கலத்தைச் சுற்றிக் காவல் செய்தது. பாம்பைத் தவறாக எண்ணிய தந்தை ஈட்டி எறிந்தான். பாம்புடன் குழந்தையும் இறந்தது. ஆயர்கள் உண்மையைக் கூற, அவன் இரண்டுக்கும் ஒரே ஈமத்தீ மூட்டினான். பாம்பின் பெயராலேயே அவ்வூர் ஒஃபித்தேயா எனப்பட்டது. இந்தியக் கதையில் பகையாக வருவது இங்கு காவலாக வருகின்றது.

இவ்வொற்றுமை, கதை மிகப் பழங்காலத்திலேயே பரவியதைக் காட்டுகின்றதா, அல்லது ஒரே வகைக் கதை இரு இடங்களில் தனித்தனியே தோன்றியதைக் காட்டுகின்றதா என்பது பற்றி ஒருமித்த முடிவு இல்லை. ஒரு தோற்றக் கொள்கை, பல தோற்றக் கொள்கை ஆகிய இரண்டுக்கும் இடையிலான நீண்ட விவாதத்தின் ஒரு பகுதியாக இது அமைகின்றது.

தொடர்புடைய கதைவகைகள்

* கடனுக்கு ஈடாக வைக்கப்பட்ட நாய் (178பி): வணிகன் ஒருவன் தன் நாயைக் கடன் கொடுத்தவரிடம் ஈடாக விடுகிறான். களவு போன பொருளை நாய் காட்டிக் கொடுக்கிறது. மகிழ்ந்த கடன்காரர், கடன் தீர்ந்தது என ஓலை எழுதி, நாயின் கழுத்தில் கட்டி அனுப்புகிறார். நாய் வாக்குத் தவறி ஓடி வந்துவிட்டதாக எண்ணிய வணிகன் அதனைக் கொன்றுவிட்டு, பிறகே ஓலையைக் காண்கிறான். சத்தீசுகர் மாநிலம் பாலோத் மாவட்டத்திலுள்ள குகுர்தேவ் கோயில், இவ்வாறு கொல்லப்பட்ட பஞ்சாரா வணிகன் ஒருவனின் நாய்க்கு எழுந்ததாகக் கூறப்படுகின்றது.
* தாகமுற்ற அரசனும் வல்லூறும் (178சி): அரசன் குடிக்க எடுத்த நீரை வல்லூறு மீண்டும் மீண்டும் தட்டிவிடுகிறது. சினந்த அரசன் அதனைக் கொல்கிறான். நீரில் பாம்பின் நஞ்சு கலந்திருந்தது பின்னர் தெரிகிறது. மங்கோலியப் பேரரசர் செங்கிசுக்கானின் பெயரிலும் இக்கதை வழங்குகின்றது.

முதற்கதையில் ஓலை படிக்கப்படாமல் போகின்றது. இரண்டாவதில் பறவையின் செயல் புரிந்துகொள்ளப்படாமல் போகின்றது. மூன்று கதைகளிலும் உண்மை கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்கின்றது.

கதை கூறப்படும் சூழல்

இக்கதையின் நீதியாகப் பொதுவாகச் சொல்லப்படுவது, ஆராயாமல் எதையும் செய்யக்கூடாது என்பதாகும். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு", "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்" ஆகிய தமிழ்ப் பழமொழிகளும் இதே கருத்தைக் கூறுகின்றன.

ஆனால் கதை யாரிடம், எப்போது கூறப்படுகின்றது என்பதைப் பார்த்தால் அதன் பயன் மேலும் தெளிவாகின்றது. பஞ்சதந்திரத்தில் இது வருங்காலத்தில் ஆளப்போகும் இளவரசர்களுக்குக் கூறப்படுகின்றது. ஏழு ஞானிகள் கதையிலும் நான்கு மந்திரிகள் கதையிலும் தண்டிக்கும் அதிகாரமுள்ள அரசனிடமே, தண்டனை நிறைவேறும் முன்பு கூறப்படுகின்றது. அவ்விரண்டிலும் கதை ஓர் உயிரைக் காப்பாற்றுகின்றது. கேட்பவர் கதையில் வரும் கீரிக்காக வருந்தி, தம் முன்னால் நிற்கும் மனிதரை மீண்டும் ஒருமுறை விசாரிக்கிறார். பேச இயலாத கீரிக்கு நேர்ந்தது, பேச அனுமதிக்கப்படாத மனிதருக்கு நேராமல் தடுக்கப்படுகின்றது.

சிலப்பதிகாரத்தில் இதே குறிப்பு, தண்டிக்கப்போகும் அரசனிடம் கூறப்படாமல், தண்டிக்கப்படப்போகும் கோவலனிடம் கூறப்படுகின்றது. அங்கு எவரும் காப்பாற்றப்படவில்லை.

தற்காலத்தில்

ருட்யார்ட் கிப்ளிங் 1894இல் வெளியிட்ட காட்டுப் புத்தகத்தில், ரிக்கி-டிக்கி-டாவி என்னும் கீரி ஓர் ஆங்கிலக் குடும்பத்தை நாகங்களிடமிருந்து காக்கின்றது. இங்கு கீரி கொல்லப்படுவதில்லை. அதன் வீரம் உடனே உணரப்படுகின்றது. 1955இல் வெளியான வால்ட் டிஸ்னியின் "லேடி அண்ட் த டிராம்ப்" என்னும் அசைவூட்டத் திரைப்படத்தில், குழந்தையின் அறைக்குள் வந்த எலியைக் கொல்லும் தெருநாய், குழந்தையைத் தாக்கியதாகத் தவறாக எண்ணப்பட்டுப் பிடித்துச் செல்லப்படுகின்றது. உண்மை உரிய நேரத்தில் வெளிப்படுவதால் அது பிழைத்துக்கொள்கின்றது.

இவ்விரு படைப்புகளிலும் முடிவு மகிழ்ச்சியானதாக மாற்றப்பட்டுள்ளது. ஆனால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் சிறுவர்களுக்குக் கூறப்படும் பஞ்சதந்திரக் கதைகளில், கீரி இறந்துபோகும் பழைய முடிவே இன்றும் வழங்கி வருகின்றது.

இவற்றையும் பார்க்க

* நாட்டாரியல்
* பஞ்சதந்திரம்
* சிலப்பதிகாரம்
* சட்டகக் கதை
* கீரி